ஆறில் நின்ற முள்

அண்ணனூர்
12-6-1994

அன்புள்ள மாப்பிள்ளை குணசேகரனுக்கு, உங்கள் மாமனார் தசரதன் தன் கையால் எழுதுவது.

இங்கே நானும் தாட்சாயிணியும் சுகம். அவள் வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறது, ஆகவே அதுவும் சுகம். பட்டாளத்தில், மலை மேல் இருக்கும் உங்களுக்குக் குளிர் குறைந்ததா?

இந்தக் கடிதத்தை எனக்காக யாரும் எழுதவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று உங்களிடமே கேட்டவன் நான். மாதா கோயில் பின்னால் உள்ள ஹாலில் போன வருடம் முதல் அறிவொளி வகுப்பு நடக்கிறது. ஞானகுமாரி டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பில் பதினான்கு பேர். அதில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். ஒரு வரி எழுத இப்போது எனக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகிறது. இந்தத் தாளை முடிக்க மூன்று நாள் வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் கார் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவினேன். பெட்டியில் எழுதியிருந்ததை எல்லாம் பளபளவென்று தேய்த்தேனே தவிர ஒன்றையும் படித்ததில்லை. இப்போது ஸ்டேஷனுக்குப் போனால் எச்சில் துப்பாதே என்பதைக்கூட நின்று படித்துவிட்டுத்தான் வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்து தாட்சாயிணியை அழைத்து வந்துவிட்டேன். பட்டாபிராமில் உங்கள் அம்மாவுக்கு மனம் இல்லை. எல்லோர் முன்னாலும் கேட்டார்கள்.

"அம்மா இல்லாத ஊட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பினா ஊரு இன்னா பேசும்? இவளுக்கு வெந்நி வெச்சு ஊத்தறது யாரு, நீயா?"

"நான்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் கன்னியம்மா மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு அடுத்த ஊட்ல போயி படுக்கக் கூடாது. நீ இருக்கற எடந்தான் அவளுக்கு அம்மா ஊடு." நான் சரி என்றேன். ஐந்து வருடம் ஆகிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். பிரசவமும் அதன் பிறகு மூன்று மாதமும் அவள் இங்கே இருக்க நீங்கள் சம்மதித்து எழுத வேண்டும். நீங்கள் சொன்னால் உங்கள் அம்மா கேட்பார்கள்.

தாட்சாயிணி உங்களுக்குத் தனியாக எழுதி வைத்திருக்கிறாள். அதை நான் படிக்கவில்லை. முன்பு படிக்கத் தெரியாமல் படிக்கவில்லை. இப்போது தெரிந்தும் படிக்காமல் இருக்கிறேன். இது நன்றாக இருக்கிறது.

உங்கள் மாமனார்,
ச. தசரதன்
(இது கையெழுத்து. ரேகை இல்லை.)


56 ஏபிஓ
28-6-1994

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, குணசேகரன் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. முதலில் தாட்சாயிணி இடது கையால் எழுதி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எச்சில் துப்பாதே என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் நம்பினேன். ஒர்க்‌ஷாப்பில் உள்ள நம் ஊர்க்காரர்களிடம் காட்டினேன். அறுபத்திரண்டு வயதில் எழுதியது என்றதும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். தாளில் கொஞ்சம் டீ கொட்டிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெண்துணை இல்லாத வீடு. வலி வந்தால் யாரை எழுப்புவீர்கள், எதில் கூட்டிப் போவீர்கள்? இருந்தாலும் அத்தையிடம் நீங்கள் சொன்ன சொல் எனக்கும் முக்கியம். தாட்சாயிணி அங்கேயே இருக்கட்டும். இரண்டு நிபந்தனை. வலி வந்ததும் அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அம்மா கூட இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது நடப்பதை நடந்தபடி எனக்கு எழுத வேண்டும். எனக்குப் பொங்கலுக்குத்தான் லீவு. அதுவரை உங்கள் கடிதம்தான் எனக்குக் கண்.

அம்மாவுக்கும் இன்றே எழுதுகிறேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தம்பி நாகேந்திரன் படித்துச் சொல்வான்.

அன்புடன்,
குணசேகரன்


அண்ணனூர்
17-7-1994

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, தசரதன் எழுதுவது.

சம்மதம் கிடைத்தது. தாட்சாயிணி ரத்தம் நல்ல சிவப்பாக இருக்கிறதாம். நான் வைக்கும் கீரைக் குழம்பு பச்சையாக இல்லாமல் கறுப்பாக இருக்கிறதாம். இரண்டும் அவள் சொன்னது.

இப்போது ஒரு அதிசயம் எழுதப் போகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

திருமுல்லைவாயிலில் டாக்டர் ஹில்டா அம்மா நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் தாட்சாயிணியைக் காட்டுகிறோம். அங்கே ஸ்கேன் மெஷின் இருக்கிறது. அது எல்லா ஊரிலும் வந்துவிட்டது என்பீர்கள். ஆனால் இந்த அம்மா அதைத் தள்ளுவண்டியில் வைத்து, வலி எடுத்துப் படுத்திருக்கும் பெண்ணிடமே உருட்டிக்கொண்டு போகிறார்கள். பிரசவம் எப்படிப் போகும் என்பதை முன்னாலேயே அதில் பார்த்துவிடுவார்களாம். வெளியூரில் படித்துவிட்டு வந்த வித்தையாம். இதை எனக்குச் சொன்னது அங்கே ஆயாவாக இருக்கும் ஆரோக்கியம்மாள். அந்த வண்டியை உருட்டுவது அவர்கள்தான்.

பார்த்து முடித்ததும் டாக்டரம்மா ஒரு அட்டையில் கடிகாரம் வரைந்து, ஒரு முள் போட்டு, பிரசவ அறைக் கதவில் மாட்டுகிறார்கள். ஒரே ஒரு முள்தான். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் கடிகாரம் எல்லா பாஷைக்கும் ஒன்றுதானே. எங்கள் வகுப்பில் போன மாதம்தான் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஒரு பெண். கதவில் அட்டை. முள் பன்னிரண்டில். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றேகால். சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்துப் பத்தாவது நிமிடம் உள்ளே குழந்தை அழுகிறது!

எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. பிறக்கும் நேரத்தை முன்கூட்டியே எழுதி மாட்டிவிடுகிறார்கள், மாப்பிள்ளை. ரயிலுக்குப் போடுகிற மாதிரி. அதைவிட இது சரியாக வருகிறது. அந்தக் கடிகாரத்தை உங்களுக்காகக் கீழே வரைந்திருக்கிறேன். வட்டம் சரியாக வரவில்லை, டம்ளரை வைத்து இரண்டாவது முறை வரைந்தேன்.

உங்கள்,
ச. தசரதன்


56 ஏபிஓ
2-8-1994

மாமாவுக்கு வணக்கம்.

கடிதமும் கடிகாரமும் கிடைத்தன. வட்டம் நன்றாகவே இருக்கிறது.

நான் இன்ஜின் பிரித்துப் பூட்டுகிறவன். மெஷின் உள்ளே இருப்பதைக் காட்டும், இனி நடக்கப் போகும் நேரத்தைக் காட்டாது. அந்த அட்டை வேறு எதற்காவது இருக்கும். தயவுசெய்து டாக்டரிடமே ஒரு முறை கேளுங்கள். கேட்டு எனக்கும் எழுதுங்கள், எனக்கும் ஆவலாக இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகு எழுதப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? தாட்சாயிணியைக் கேட்டால் "நைனாகிட்டயே கேளு" என்கிறாள்.

அன்புடன்,
குணசேகரன்


அண்ணனூர்
21-8-1994

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, தசரதன்.

நாள் நெருங்குகிறது. தாட்சாயிணி வாத்து மாதிரி நடக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவர்கள் எப்போதும் வேகமாக நடப்பவர்கள். மேலும், படிக்கத் தெரிந்தவன் படித்ததைப் பற்றி இன்னொருவரைக் கேட்பானா? போன வாரம் இன்னொரு அட்டை பார்த்தேன். முள் ஒன்பதில். குழந்தை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் பிறந்தது. கொஞ்சம் யோசனை ஆயிற்று. பிறகு, ஆவடி லோக்கலே சில நாள் லேட்டாக வரும்போது குழந்தை வரக்கூடாதா என்று விட்டுவிட்டேன்.

எழுதப் படிக்க ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். 1972இல் கன்னியம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். பெரிய ஆஸ்பத்திரி. வெளியே நின்றிருந்தேன். ஒருவர் தாளும் மை டப்பாவும் கொண்டுவந்தார். "இன்னா சார் எழுதிகீது?" என்றேன். "வையிய்யா, அப்புறம் சொல்றேன்" என்றார். வைத்தேன். பையன் பிறந்து மூச்சு விடவில்லை. அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார்கள், நான் அதைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. கன்னியம்மா பதினேழு வருடம் நடுநடுவே கேட்பாள். அரிசி புடைக்கும்போது கேட்பாள், சாப்பாடு போடும்போது கேட்பாள். "அன்னைக்கு எதுக்குய்யா வெரலு வெச்ச?" கட்டை விரலில் அந்த மை மூன்று நாள் இருந்தது.

வகுப்பு ஆரம்பித்ததாகத் தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நான் முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் மாமனார்,
ச. தசரதன்


56 ஏபிஓ
26-9-1994

மாமாவுக்கு,

நாகேந்திரன் கொடுத்த தந்தி பதினெட்டாம் தேதி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று இருந்தது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். நேற்று அம்மா சொல்லி அவன் எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

ஆறு மணிக்குத்தான் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி அம்மாவையும் அவனையும் வீட்டுக்கு அனுப்பினீர்களாம். அவர்கள் திரும்பி வருவதற்குள், நான்கரை மணிக்கே வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்துவிட்டார்களாம். நீங்கள் ஒருவரே கையெழுத்துப் போட்டீர்களாம். ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஆள் இல்லாத நேரம் பார்த்து அறுத்தார்கள் என்று அம்மா சொல்கிறார்கள். நாகேந்திரன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நர்சிங் ஹோம் வாசலில் போய்க் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறான். தாட்சாயிணியையும் குழந்தையையும் உடனே பட்டாபிராமுக்கு அழைத்துக்கொள்ள என் அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை. நடந்தது என்ன என்று உங்கள் எழுத்தில் வேண்டும். முழுவதும் வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் எங்கே இருப்பது என்று சொல்வேன்.

குணசேகரன்


அண்ணனூர்
4-10-1994

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, தசரதன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு முறை படித்தேன். இன்று வகுப்புக்குப் போகவில்லை. பதில் நீளமாக இருக்கும். இன்லண்டில் அடங்காது என்று வெள்ளைத்தாள் வாங்கி வந்திருக்கிறேன். நாகேந்திரனிடம் நேற்றே போய், அண்ணன் பதில் வரும் வரை எங்கேயும் போய்ச் சத்தம் போடாதே என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றான்.

முதலில் ஒன்று. டாக்டரம்மா ஆறு மணி என்று சொல்லவே இல்லை. சொன்னது நான்.

செப்டம்பர் பதினாலு, புதன்கிழமை. விடிந்ததும் வலி. ஆட்டோவில் ஏழு மணிக்கெல்லாம் திருமுல்லைவாயில் போய்விட்டோம். டெலிபோன் பூத்திலிருந்து நாகேந்திரன் கடைக்குச் சொன்னேன். எட்டரைக்கு அவனும் உங்கள் அம்மாவும் வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஆரோக்கியம்மாள் மெஷினை உருட்டிப் போனார்கள். கதவில் அட்டை மாட்டினார்கள். முள் ஆறில் இருந்தது. பதினொன்றுக்கு மறுபடியும் பார்த்தார்கள். புது அட்டை. அதிலும் முள் ஆறில்தான். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இரண்டு முறை பார்த்தும் மாறாத நேரம், இனி மாறாது என்று நினைத்தேன்.

உங்கள் அம்மா உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு எருமை கறக்க வேண்டும், வேறு ஆள் கை வைத்தால் உதைக்கும்.

"சம்பந்தியம்மா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். நீங்க ஊட்டுக்குப் போயி மாட்டைக் கறந்துட்டு, சாப்ட்டு, அஞ்சேகால் வண்டில வாங்க. போதும்" என்றேன்.

"யாரு சொன்னது ஆறு மணின்னு?"

"மாட்டிகீறாங்களே, பாருங்க" என்று கதவைக் காட்டினேன்.

அவர்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. நாகேந்திரன் பார்த்தான். "ஆமாம்மா, ஆறுதான் போட்டுகீது" என்றான். டாக்டர் மாட்டிய அட்டை. ஆகவே டாக்டர் சொன்னதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் நான் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றரைக்கு மூன்றாவது முறை மெஷின் போயிற்று. இந்த முறை அட்டை மாட்டவில்லை. டாக்டரம்மாவே வெளியே வந்தார்கள்.

"தாட்சாயிணி வீட்டுக்காரங்க யாரு? மாமியார் இருந்தாங்களே?"

"ஊட்டுக்குப் போயிகீறாங்கம்மா. நான் அவ நைனா."

"ஆபரேஷன் பண்ணணும். மயக்க டாக்டருக்கு அம்பத்தூருக்கு ஆள் போயாச்சு. நீங்க கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சிஸ்டர் தாளை நீட்டினாள். கூடவே மை டப்பாவைத் திறந்து வைத்தாள். "பெரியவரே, இங்க வைங்க."

மாப்பிள்ளை, அதே வயலட் மை.

"பேனா குடும்மா" என்றேன். கொடுத்தாள். தாளில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழ் இருந்தது. பதினொரு வரி. நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"படிக்கிறேன்."

"நான் படிச்சுச் சொல்றேன், குடுங்க."

"வேணாம்மா. நானே படிக்கிறேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தாட்சாயிணி கத்தினாள். "நைனா! போட்டியா இல்லியா?"

"படிச்சிகினு கீறேன்மா."

"இப்பவா?" என்றாள். அந்த வலியிலும் அவளுக்குக் கோபம் வந்தது எனக்குத் தைரியமாக இருந்தது.

ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். 'இந்த அறுவைச் சிகிச்சையின் காரணமும் அதில் ஏற்படக்கூடிய ஆபத்தும் எனக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லப்பட்டன' என்று இருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். சரியாகத்தான் படித்தேன். சிஸ்டரிடம், "எடுத்துச் சொன்னதா எழுதிகீது. யாரும் இன்னும் சொல்லலியேம்மா. சொல்லாம நான் எப்படிப் போடுவேன்?" என்றேன்.

அவள் கோபமாக உள்ளே போனாள். டாக்டரம்மா வந்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று எழுந்து நின்றேன். தாளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "நீங்க கேட்டது சரி. மயக்க டாக்டர் ஸ்கூட்டர்ல வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காலையில் மாட்டிய அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார்கள்.

"இது குழந்தையோட பின்தலை எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டற முள்ளு. பன்னெண்டுன்னா குழந்தை அம்மாவோட முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கு, சுலபமா வந்துடும். ஆறுன்னா மேலே, வயித்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. அப்படி இருக்கறதுல முக்கால்வாசி தானே திரும்பிக்கும். கையை வெச்சுப் பாத்தா சில சமயம் தெரியாது, அதனாலதான் படத்துல பாக்கறேன். உங்க பேரன், பேத்தி எதுவோ, காலையிலேருந்து திரும்பவே இல்ல. இப்பவும் ரெண்டு கண்ணும் மேலதான் தெரியுது. தலையும் இறங்கல. நெஞ்சுத் துடிப்பு குறைய ஆரம்பிச்சிருக்கு. இனிமே காத்திருந்தா ஆபத்து." அறுப்பதில் என்ன ஆபத்து என்பதையும் சொன்னார்கள். ரத்தம் போவது, மயக்க மருந்து, தையல்.

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "அப்போ ஆறு மணி?"

"எந்த ஆறு மணி?" என்றார்கள்.

அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. முள் நகராமல் நின்றதைப் பார்த்து அவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். அதே முள்ளைப் பார்த்து நான் பன் சாப்பிட்டிருக்கிறேன். கேளுங்கள் என்று நீங்கள் ஆகஸ்டிலேயே எழுதினீர்கள்.

மிச்சம் ஆறு வரியையும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். 'ச' எழுத்துக்குப் பக்கத்துப் புள்ளி மட்டும் விட்டுப்போயிற்று, பிறகு வைத்தேன்.

குழந்தை நாலு முப்பத்தைந்துக்குப் பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. வெளியே கொண்டுவந்து காட்டியபோது கண்ணை அகலமாகத் திறந்து என்னையே பார்த்தது. என்னால் ஏதாவது தாமதம் ஆயிற்றா என்று மறுநாள் டாக்டரம்மாவைக் கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டேன். மயக்க டாக்டர் வந்தது நாலேகாலுக்கு, நான் கையெழுத்துப் போட்டது நாலு மணிக்கு, ஆகவே இல்லை என்றார்கள்.

உங்கள் அம்மா ஐந்தரைக்குக் கற்கண்டோடு வந்தார்கள். உங்கள் வீட்டில் குழந்தை வாயில் முதல் இனிப்பை அப்பா வழிப் பாட்டிதான் தொட்டு வைக்க வேண்டுமாம். எல்லாம் முடிந்துவிட்டது என்றதும் அவர்கள் முகம் மாறிவிட்டது.

"மாமியான்னு ஒருத்தி உசுரோட இருக்கறப்போ எம் மருமவ வயித்த அறுக்கக் கையெழுத்துப் போட நீ இன்னா கலெக்டரா? ஆறு மணின்னு சொல்லி அனுப்பிட்டு இங்க இன்னா நாடகம் ஆடிகினு கீறீங்க அல்லாரும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆறு மணி என் வாயில் வந்தது என்று. சொல்லவில்லை. ஹால் நிறைய ஆட்கள். படிக்கத் தெரிந்தவன் என்று மூன்று மாதமாகப் பட்டாபிராம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் டாக்டரம்மாவைத் திட்டினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். இருபது நாள் ஆகிவிட்டது. இன்னும் அவர்களுக்கு உண்மை தெரியாது.

இதுதான் முழுவதும். தாட்சாயிணி தையல் ஆறிவிட்டது. நான் வெந்நீர் வைக்கிறேன், அவளே ஊற்றிக்கொள்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஆரோக்கியம்மாள் வந்து போகிறார்கள். தாட்சாயிணியை அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். கன்னியம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ச. தசரதன்


56 ஏபிஓ
15-10-1994

மாமாவுக்கு வணக்கம்.

எங்கள் யூனிட் டாக்டரிடம் உங்கள் கடிதத்தை வரி வரியாக இந்தியில் சொன்னேன். உங்கள் டாக்டரம்மா செய்தது முழுக்கச் சரி என்றார். பிறகு, அந்தத் தாளில் ஐந்தாவது வரியைப் படித்துவிட்டு ஒருவர் கேள்வி கேட்டது தன் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை என்றார்.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நாகேந்திரனுக்கு அனுப்பவில்லை. நீங்களே பட்டாபிராம் போய் அம்மாவுக்குப் படித்துக்காட்டுங்கள். அதில் உங்களைப் பற்றியும் இருக்கிறது. இருப்பதை இருக்கிறபடியே படிப்பீர்கள் என்று தெரியும்.

தாட்சாயிணி எங்கே இருப்பது என்பதை அதைக் கேட்ட பிறகு அம்மா சொல்லட்டும்.

அன்புடன்,
குணசேகரன்


அண்ணனூர்
30-10-1994

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் தசரதன்.

போன ஞாயிறு பட்டாபிராம் போனேன். உங்கள் அம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். நாகேந்திரனும் வந்து நின்றான்.

'அம்மா, ஆறு மணி என்று டாக்டர் சொல்லவில்லை. மாமா அட்டையைப் பார்த்துத் தானாகச் சொன்னார். யாரையும் கேட்காமல் சொன்னது தப்பு. அதை உங்களிடம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.' அந்த இடத்தில் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். நாகேந்திரன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான், இருப்பதைத்தான் படிக்கிறேனா என்று. அதனால் அதே வரியை விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன். பிறகு அடுத்தது. 'ஆனால் கையெழுத்துப் போட்டது தப்பில்லை. நான் இருந்தாலும் போட்டிருப்பேன். படிக்காமல் போட்டிருப்பேன்.' அதற்குப் பிறகு நீங்கள் அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டது, எருமையைக் கேட்டது, சின்ன வயதில் அவர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடியதை எழுதியது, எல்லாம் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உங்கள் அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார்கள். திட்டினார்கள். அது எனக்குரியது, நான் வாங்கிக்கொண்டேன். பிறகு கேட்டார்கள்.

"அவ்ளோத்தையும் அவனா எழுதிகீறான்?"

"ஆமாம்மா. நாலு பக்கம்."

"இவன் படிச்சா நாலு வரிதானே வருது? 'நல்லா கீறேன், உடம்பப் பாத்துக்கோ, லீவு கெடைக்கல.' எல்லா லெட்டரும் ஒரே மாதிரி கீதேன்னு நானும் நெனச்சிகினு கீறேன்!"

நாகேந்திரன் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து எழுதிய கடிதங்கள். அறுபத்தேழு இருக்கிறது. "குந்து" என்றார்கள். குந்தினேன்.

நர்சிங் ஹோமுக்குப் போய் டாக்டரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்பு கேட்டுவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். இப்போது அட்டையில் கடிகாரத்துக்கு நடுவில் ஒரு குழந்தைத் தலையும் வரைகிறார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வரும் வரை தாட்சாயிணியும் குழந்தையும் அண்ணனூரிலேயே இருக்கட்டும் என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டார்கள். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பட்டாபிராம் போய்ப் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று கடிதத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. மெதுவாகப் படிப்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.

இன்று படித்ததில் ஒன்று, நாகேந்திரன் பத்தாவதில் மூன்று பாடத்தில் போனதையும், அதை அம்மாவிடம் மறைத்து நீங்கள் அங்கிருந்து பரீட்சைப் பணம் அனுப்பியதையும் பற்றி நீங்கள் அவனுக்கு எழுதியது. எப்படியோ அதே பெட்டியில் இருந்தது. பாதி படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இப்படிக்கு, எழுதினதைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் போடும்
உங்கள் மாமனார்,
ச. தசரதன்